கொல்லைப்புறமாக வெளியேறும் புரதத்தை அளக்கும் கிட்: நான்கு பிளேட் ஓட்டிய பிறகு எழுதும் ரிவ்யூ

காய்ச்சலும் வீக்கமும் கொண்டுவரும் மனிதப் புரதம் ஐஎல்-1 பீட்டா. அதை ஆன்டிபாடியால் பிடித்து, நிறமாக்கி அளக்கும் 96 குழி எலைசா கிட் இது. ஏழு மாதத்தில் நான்கு பிளேட் ஓட்டிவிட்டேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளைச் சொல்லப்போகிறேன், அவை அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவையும் அல்ல. இந்தப் புரதத்துக்கு நீங்கள் யாரிடம் கிட் வாங்கினாலும் இதில் பாதியாவது பொருந்தும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட் நன்றாக வேலை செய்கிறது, வாங்கலாம். ஆனால் இதை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கூடவே எல்டிஹெச் கிட் (செல் கிழிந்தால் கொட்டும் நொதியை அளப்பது) ஒன்றும், வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதத்தை எடைவாரியாகப் பிரித்துப் பார்ப்பது) நல்ல ஆன்டிபாடி ஒன்றும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். அது எனக்கு மூன்றாவது பிளேட்டில்தான் உறைத்தது.

டெலிவரி கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கொட்டேஷன் கேட்ட நாளிலிருந்து பெட்டி கைக்கு வர ஒன்பது வாரம் ஆனது. வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, மே மாதத்தில். ஐஸ் பேக் எல்லாம் இளகி வெறும் தண்ணீர்ப் பையாகக் கிடந்தது. டீலருக்குப் போன் போட்டால், "ஸ்டாண்டர்டு பவுடரா தானே மேடம் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்றார். கோபம் வந்தது. அப்புறம் ஓட்டிப் பார்த்தால் நிஜமாகவே ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அளவு தெரிந்த புரதம், அதன் கோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரியாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

பெட்டிக்குள் ஆன்டிபாடி பூசிய பிளேட், ஸ்டாண்டர்டு, பயோட்டின் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடி, நிறம் ஏற்ற உதவும் ஸ்ட்ரெப்டாவிடின்-ஹெச்ஆர்பி, நிறம் மாறும் டிஎம்பி, அதை நிறுத்தும் ஸ்டாப் கரைசல், கழுவும் பஃபர் என்று எல்லாம் இருக்கின்றன. பிளேட் எட்டுக் குழிப் பட்டிகளாகக் கழன்று வரும். எங்களைப் போல ஒரு நாளைக்கு இருபது சாம்பிள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. வேண்டிய பட்டியை எடுத்துக்கொண்டு மீதியை உலர்த்தியோடு பையில் போட்டு மூடிவிடலாம். மூன்று மாதம் ஃபிரிட்ஜில் கிடந்த பட்டியும் அதே கோட்டைத்தான் கொடுத்தது.

ஸ்டாண்டர்டை மில்லிக்கு 250 பிகோகிராமில் தொடங்கி பாதிபாதியாக இறக்கினால் ஏழாவது குழி 3.9-ல் நிற்கும். அந்தக் கடைசிக் குழியும் வெறும் பஃபரை விட்டுத் தெளிவாக விலகி நிற்கிறது. ஜோடிக் குழிகளுக்குள் வித்தியாசமும் குறைவு. எங்கள் லேபில் பிளேட் வாஷர் கிடையாது. எட்டு முனை பிபெட்டால் கழுவி, டிஷ்யூ அடுக்கின் மேல் பிளேட்டைக் கவிழ்த்துத் தட்டுகிறோம். அந்தக் கைவேலைக்கும் கிட் ஈடுகொடுக்கிறது என்பதே ஒரு சர்டிஃபிகேட்.

டிஎம்பி ஊற்றினால் வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தின் நிறம் ஏறும். அமிலம் விட்டதும் மஞ்சளுக்கு மாறும். 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் என்று துண்டுப்பிரசுரம் சொல்கிறது, எங்கள் ஊர் வெயிலுக்குப் பத்து நிமிடமே போதும். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள்.

முதல் பிளேட்டை வீணடித்தது நான்தான், கிட் அல்ல. லேபில் வளரும் டிஹெச்பி-1 என்ற மனித வெள்ளணு வகைச் செல்களை பிஎம்ஏ என்ற ரசாயனம் கொடுத்து மேக்ரோஃபேஜ் (கிருமி விழுங்கும் செல்) ஆக்கி, நான்கு மணி நேரம் எல்பிஎஸ் (பாக்டீரியாச் சுவரின் பொருள், ஐஎல்-1 பீட்டாவைத் தயாரிக்கத் தூண்டும்), அதற்கு மேல் ஒரு மணி நேரம் 10 மைக்ரோமோலார் நைஜெரிசின் (அதை வெளியேற்றத் தூண்டும்). மேலே நின்ற மீடியத்தை அப்படியே நீர்க்காமல் குழியில் விட்டேன். பிளேட் ரீடரைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் பெண், "அக்கா, பாதிப் பிளேட் 'ஓவர்'னு காட்டுது" என்றாள். நைஜெரிசின் கொடுத்த குழிகள் எல்லாமே அளவைத் தாண்டிப் போயிருந்தன. இருபது மடங்கு நீர்த்திருக்க வேண்டும். "உங்கள் சாம்பிளுக்கு ஏற்ற நீர்ப்பை நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு மறந்திருந்தேன்.

இனி என் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன். அது துண்டுப்பிரசுரத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: "செல்கள் சுரக்கும் ஐஎல்-1 பீட்டாவை அளக்க" என்று போட்டிருக்கிறார்கள். சுரக்கும்? எது சுரக்கிறது, எது சிந்துகிறது, எது செத்த செல்லிலிருந்து கொட்டுகிறது என்று இந்தக் கிட்டுக்கு எப்படித் தெரியும்?

பாடப்புத்தகத்தில் நாம் படித்த வழி ஒன்று உண்டு. வெளியே போக வேண்டிய புரதத்தின் தலையில் சிக்னல் பெப்டைடு என்ற சீட்டு இருக்கும். அதைக் காட்டி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் நுழையும், அங்கிருந்து கால்ஜி, அங்கிருந்து பை, பை செல் சவ்வோடு ஒட்டி வாசல் வழியாக வெளியே விடும். இந்தப் பாதையைக் காட்டிய ஜார்ஜ் பலாடேவுக்கு 1974-ல் நோபல். சீட்டைக் கண்டுபிடித்த குந்தர் ப்ளோபலுக்கு 1999-ல் நோபல். வீக்கத்தைத் தூண்டும் இன்னொரு புரதமான டிஎன்எஃப், இன்சுலின், ஆன்டிபாடி எல்லாம் இந்த ராஜபாட்டையில் போகிறவை.

ஐஎல்-1 பீட்டாவிடம் அந்தச் சீட்டே கிடையாது. சைட்டோபிளாசத்தில் மிதக்கும் ரைபோசோமில் தயாராகி அங்கேயே கிடக்கும். ஆனாலும் வெளியே வருகிறது. 1990-ல் இத்தாலியில் அன்னா ருபார்தெல்லி, ராபர்தோ சித்தியா குழுவினர் மனித மோனோசைட்டுகளில் (ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை) இதைச் சோதித்தார்கள். வாசல் வழியை அடைக்கும் மருந்துகளைக் கொடுத்தும் ஐஎல்-1 பீட்டா வெளியே வருவது நிற்கவில்லை. அதாவது வேறு வழி ஒன்று இருக்கிறது. கொல்லைப்புறக் கதவு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தாழ்ப்பாளைக் கண்டுபிடிக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

நான் இந்தப் புரதத்தின் பக்கம் வந்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அப்பாவுக்கு யூரிக் ஆசிட் தொந்தரவு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடக் கத்துவார். யூரேட் படிகம் செல்லுக்குள் இன்ஃபிளமசோம் என்ற அபாயச்சங்குப் புரதக் கூட்டத்தை உசுப்பிவிட்டு ஐஎல்-1 பீட்டாவை வெளியேற்றுகிறது என்று லோசானில் யுர்க் சோப் குழு 2006-ல் காட்டியது. எங்கள் வீட்டு நடு ராத்திரி ரகளைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சீட்டில்லாத புரதம்தான். அவர் கட்டைவிரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 450 நானோமீட்டர் மஞ்சள் ஞாபகம் வரும். அவரிடம் சொன்னால், "மருந்து எப்ப வரும்னு சொல்லு" என்பார்.

சரி, தாழ்ப்பாளுக்கு வருவோம். ஐஎல்-1 பீட்டா முதலில் 31 கிலோடால்டன் எடையுள்ள பெரிய உருவில் தயாராகிறது. அதற்கு வேலை செய்யத் தெரியாது. இன்ஃபிளமசோம் உசுப்பிவிடும் காஸ்பேஸ்-1 என்ற கத்தரி அதை வெட்டி 17 கிலோடால்டன் துண்டாக்கினால்தான் அது காய்ச்சலும் வீக்கமும் கொண்டுவரும். அதே கத்தரி காஸ்டெர்மின் டி என்ற இன்னொரு புரதத்தையும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட காஸ்டெர்மினின் முன்பாதி ஓடிப்போய் செல் சவ்வில் வட்டமாகக் கைகோத்து ஓட்டை போட்டுவிடும். கைதியின் விலங்கை அறுப்பதும் சுவரில் கன்னம் வைப்பதும் ஒரே கத்தரி! 2015-ல் பீஜிங்கில் ஃபெங் ஷாவ் குழுவும் அமெரிக்க மருந்துக் கம்பெனியான ஜெனென்டெக்கின் குழுவும் இந்த வெட்டைத் தனித்தனியே காட்டின. 2021-ல் ஹாவ் வூ குழு ஓட்டையின் உருவத்தையே படம்பிடித்தது. 33 துண்டுகள் சேர்ந்த வளையம், உள்விட்டம் சுமார் 21 நானோமீட்டர். வெட்டிய ஐஎல்-1 பீட்டா அதில் தாராளமாக நுழையும். ஓட்டையின் உட்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டது, வெட்டாத பெரிய உருவின் முன்பகுதியும், அதாவது வெட்டினால் கழன்றுபோகும் பகுதியும், அப்படியே. அதனால் பெரியதை அது தள்ளிவிடும், வெட்டியதை விட்டுவிடும். கன்னக்கோல் போட்ட ஓட்டைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள்.

இதோடு நின்றிருந்தால் கிட் எண்ணித் தரும் எண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு "சுரப்பு" என்று எழுதியிருப்பேன். ஆனால் ஓட்டை விழுந்த செல் பெரும்பாலும் அப்படியே நிற்பதில்லை, சற்று நேரத்தில் வெடித்துவிடும். ஓட்டை விழுந்தால் நீர் ஏறித் தானாகவே வெடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2021-ல் ஜெனென்டெக் குழு, சவ்வைக் கிழிப்பதற்கென்றே நிஞ்ச்1 என்று தனிப் புரதம் இருப்பதைக் காட்டியது. அது இல்லாத எலி மேக்ரோஃபேஜ்களிலிருந்து எல்டிஹெச் வெளியே வருவது பெரிதும் தடைபட்டது. ஐஎல்-1 பீட்டா வழக்கம்போல வந்தது. எல்டிஹெச் 140 கிலோடால்டன், பெரிய உருப்படி. அது கொட்ட ஓட்டை போதாது, சுவர் கிழிய வேண்டும்.

ஆக மேலே நிற்கும் மீடியத்தில் உள்ள ஐஎல்-1 பீட்டா இரண்டு விதமாக வந்திருக்கலாம். செல் உயிரோடிருக்கும்போதே ஓட்டை வழியாக வந்தது, சுவர் கிழிந்து மொத்தமாகக் கொட்டியது. கிட்டுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். என் கைடு எப்போதும் கேட்கும் கேள்வி இதுதான்: "வந்துச்சா, கொட்டிச்சா?"

மூன்றாவது பிளேட்டை இதற்காகவே ஓட்டினேன். செல் வளர்த்த தட்டின் பாதிக் கிணறுகளில் (குழிகளைத்தான் சொல்கிறேன்) நைஜெரிசினோடு 5 மில்லிமோலார் கிளைசின் சேர்த்தேன். ஜெல் ஓட்டுவதற்கு வாங்கிய டப்பாதான், அலமாரியில் சும்மா கிடந்தது. செல் கிழிவதைக் கிளைசின் தடுக்கும் என்பது பழைய சமாசாரம். நிஞ்ச்1 கூட்டம் சேர்வதைத்தான் அது தடுக்கிறது என்பது 2022-ல் தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்துவிட்டது. கிளைசின் இல்லாத கிணற்றில் செல்கள் பூரி மாதிரி உப்பி, தட்டை விட்டுக் கழன்று மிதந்தன. கிளைசின் உள்ள கிணற்றிலும் உருண்டைதான், ஆனால் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து லேபில் கடன் வாங்கிய எல்டிஹெச் கிட்டில் பார்த்தால், கிளைசின் உள்ள மீடியத்தில் எல்டிஹெச் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எலைசாவில் ஐஎல்-1 பீட்டா அவ்வளவாக இறங்கவில்லை. அன்றைக்குத்தான் "வந்தது" என்று தைரியமாக எழுத முடிந்தது.

அந்த நம்பிக்கையைக் கிட் எனக்குத் தரவில்லை. கடன் வாங்கிய எல்டிஹெச் கிட்டும் அலமாரியில் கிடந்த கிளைசினும் சேர்ந்து தந்தன. அந்த எல்டிஹெச் விஷயத்தைத் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு குறை இதைவிடப் பெரியது, அதற்கு மட்டும் கம்பெனி பொறுப்பு. இந்தக் கிட்டின் ஆன்டிபாடிகள் வெட்டாத 31 கிலோடால்டன் உருவையும் பிடிக்கின்றன. நான்காவது பிளேட்டில் வேண்டுமென்றே சோதித்தேன். எல்பிஎஸ் மட்டும் கொடுத்த செல்கள், நைஜெரிசின் கிடையாது. உள்ளே பெரிய உருவு நிறைய இருக்கும், வெட்ட ஆள் இல்லை. அவற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து இளக்கி மூன்று தடவை உடைத்து, சுழற்றி, மேல்திரவத்தை எலைசாவில் விட்டேன். நல்ல மஞ்சள், ஸ்டாண்டர்டு கோட்டின் நடுவில் உட்கார்ந்தது. அதே சாம்பிளை வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டினால் 31-ல் தடித்த பட்டை, 17-ல் சுத்தமாக ஒன்றும் இல்லை. அதாவது ஒரு கத்தரிப்பும் நடக்காமல், ஓர் ஓட்டையும் விழாமல், செல் வெறுமனே உடைந்தாலே இந்தக் கிட் "ஐஎல்-1 பீட்டா இருக்கிறது" என்று சொல்லும்.

துண்டுப்பிரசுரத்தைத் திரும்ப எடுத்துத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், "ப்ரோ வடிவத்தோடு ஓரளவு வினை காணப்படலாம்" என்று இருக்கிறது. ப்ரோ வடிவம் என்றால் அந்த வெட்டாத உருவுதான். எவ்வளவு? அது இல்லை. எலி, குரங்கு, ஐஎல்-1 ஆல்ஃபா எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டிருக்கிறார்கள். எல்லாரும் கேட்கவேண்டிய ஒன்றுக்கு மட்டும் "ஓரளவு".

இதற்கு வெஸ்டர்ன்தான் வழி. ஆனால் அது சுலபமான வேலை அல்ல. மீடியத்தில் பத்து சதவிகிதம் சீரம் இருந்தால் ஆல்புமின் ஜெல்லில் தார் ரோடு போட்டதுபோல இறங்கும். நைஜெரிசின் கொடுக்கும் கட்டத்தில் சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றி, மெத்தனால்-குளோரோஃபார்ம் போட்டுப் புரதத்தை வீழ்படிவாக்கி, அதை ஏற்றுங்கள். 17-ல் மெல்லிய பட்டை தெரியும். முதல் தடவை அந்தப் பட்டை வந்தபோது போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "இது என்ன, அழுக்கா?" என்று கேட்டார்.

நைஜெரிசினை வைத்தே எல்லாம் பேசுகிறேன் என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், கொல்லைப்புறம் என்றால் ஒரே கதவு அல்ல. மனித மோனோசைட்டுகள் எல்பிஎஸ் மட்டும் கொடுத்தாலே, சாகாமலேயே ஐஎல்-1 பீட்டாவை வெளியே விடும். டிஎம்இடி10 என்ற புரதத்தின் வழியாக அது உள்பைகளுக்குள் நுழைந்து போகிற பாதை ஒன்றை 2020-ல் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு சொன்னது. பக்கத்து லேபில் எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிப் புரதத்தைப் பார்க்கிறார்கள், அது இன்னும் விசித்திரம். சீட்டும் இல்லை, காஸ்டெர்மினும் வேண்டாம். செல் சவ்வின் உட்புறக் கொழுப்பில் ஒட்டிக் கூட்டுச்சேர்ந்து, தானே துளை போட்டுக்கொண்டு, வெளியே செல்லின் மேல் இருக்கும் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலி கைகொடுக்க ஏறிப் போகிறது. ஹைடல்பெர்க்கில் வால்டர் நிக்கல் குழு வருடக்கணக்கில் பிரித்துப் பிரித்துக் காட்டியது அது. அந்த லேப் அண்ணன் எங்கள் புலம்பலைக் கேட்டால் சிரிப்பார்: "உங்களுக்காவது செல் சாவுறது கண்ணுக்குத் தெரியுது."

நீங்கள் மோனோசைட்டில் வேலை செய்பவராக இருந்தால் இந்தக் கிட்டின் மேல் உங்களுக்கு என்னைவிடக் குறைவான புகார் இருக்கலாம். செல் சாகாவிட்டால் கொட்டுவதற்கும் ஒன்றுமில்லை. அங்கேயும் எல்டிஹெச் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒரு சின்ன யோசனை, கிட்டுக்குச் சம்பந்தமில்லாதது. அதே மீடியத்தில் டிஎன்எஃப்-ஐயும் ஒரு பட்டி ஓட்டுங்கள். வாசல் வழியை அடைக்கும் பிரெஃபெல்டின் ஏ கொடுத்த கிணறுகளில் டிஎன்எஃப் சரிந்து, ஐஎல்-1 பீட்டா சரியாமல் நின்றால், இரண்டு வழிகளும் ஒரே பிளேட்டில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது. எங்கள் ஜூனியர் பெண் அதைப் பார்த்துவிட்டுத்தான், "அப்ப புக்ல இருக்கிற வழி எல்லாருக்கும் இல்லையா அக்கா?" என்று கேட்டாள்.

மதிப்பெண் கேட்டால், அளக்கும் திறனுக்கு ஐந்துக்கு ஐந்து, கழற்றும் பட்டிக்குத் தனியாக ஒரு சபாஷ், பேக்கிங்குக்கு இரண்டு, துண்டுப்பிரசுரத்துக்கு ஒன்று. மொத்தமாக மூன்றரை. விலையும் குறைவில்லை, வரியோடு ஐம்பதாயிரத்தை நெருங்குகிறது. அதனால் முதல் நாளே பிளேட்டை முழுதாக வைக்காமல், ஒரே பட்டியில் நீர்ப்பைச் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்த பிளேட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று, எல்டிஹெச் கிட்டும் சேர்த்து. ஆர்டரோடு டீலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன்: வருகிற லாட்டில் ப்ரோ வடிவத்தை எத்தனை சதவிகிதம் பிடிக்கிறது, எழுத்தில் தர முடியுமா? "கம்பெனில கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். மூன்று வாரம் ஆகிறது.